டாக்டர் பிராய்டின் சுருட்டு

டாக்டர் ஸிக்மண்ட் பிராய்டு என்றால் முகத்தைச் சுளிக்கிறவர்கள் உண்டு. "கனவில் குடை வந்தாலும் குதிரை வந்தாலும் அதற்கு ஒரு விபரீத அர்த்தம் சொன்னவர்தானே?" என்பார்கள். வாஸ்தவம்தான், சொன்னார். அவர் சொன்னவற்றில் பலவற்றை இன்றைய மனோதத்துவக்காரர்களே தள்ளி வைத்து விட்டார்கள். ஆனாலும் கல்லூரி நாளில் அந்தத் தாடிக்கார டாக்டரிடம் எனக்கு ஏற்பட்ட அபிமானம் மட்டும் இன்னும் தள்ளுபடி ஆகவில்லை. அது ஏன் என்று சொல்லப் போனால் சுருட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1902-ம் வருஷம் இலையுதிர் காலத்திலிருந்து, புதன்கிழமை இரவுகளில், வியன்னா நகரில் பெர்க்காஸே 19-ம் எண் வீட்டில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு சின்னக் கூட்டம் கூடும். முதலில் பிராய்டைத் தேடி வந்தவர்கள் நாலே பேர். நாலு பேரும் டாக்டர்கள். யாராவது ஒருவர் கட்டுரை வாசிப்பார். பிறகு கறுப்புக் காபியும் கேக்கும் வரும். மேஜையின் மேல் சுருட்டும் சிகரெட்டும் தாராளமாக இருக்கும். கால் மணி நேரம் ஊர் வம்பு, அப்புறம்தான் விவாதம். கடைசி வார்த்தை பிராய்டுடையது. கூட்டம் கலைந்த பின் அறையை எட்டிப் பார்த்த அவருடைய மகன், இந்தப் புகையில் மனிதர்கள் மூச்சு முட்டாமல் எப்படித்தான் பேசினார்களோ என்று அதிசயப்பட்டு எழுதி வைத்திருக்கிறார்.

அந்த அறையை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். அந்த ருசி எனக்கும் தெரியும். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை, பழைய சிநேகிதர்கள் ஒன்று சேரும்போது, சாப்பாடு முடிந்து மொட்டை மாடிக்குப் போய் ஆளுக்கொரு சிகரெட் பற்ற வைப்போம். (வீட்டில் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.) புகையிலையில் அப்படி என்ன இருக்கிறது? முதல் இழுப்பில் இருமல்தான் வரும். ஆனால், காற்றில் அணையாமல் ஒருவர் தீக்குச்சிக்கு இன்னொருவர் கையால் அணை கட்டும்போதே ஒரு நெருக்கம் வந்து விடுகிறது. பேச்சு நடுவில் நின்று போனால் யாருக்கும் சங்கடமில்லை. புகையைப் பார்த்துக் கொண்டு சும்மா இருக்கலாம். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தச் சுகத்தை நான் விளக்க வேண்டியதில்லை. எப்போதாவது ஒன்று என்றாலும் உடம்புக்குக் கெடுதல்தான் என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். அவர்களோடு நான் வாதாடப் போவதில்லை.

பிராய்டு இந்த எப்போதாவது ரகம் அல்ல. நாளைக்கு 20 சுருட்டு! 1890-களில் இருதயம் தாறுமாறாக அடித்துக் கொண்டபோது, வில்ஹெல்ம் ஃப்ளீஸ் என்ற டாக்டர் நண்பர் அதை விட்டு விடச் சொன்னார். விட்டார்; பிடித்தார்; மறுபடியும் விட்டார்; மறுபடியும் பிடித்தார். மனிதன் தன்னையறியாமல் எதை எதையோ பிடித்துக் கொண்டு தொங்குவது ஏன் என்று உலகத்துக்கெல்லாம் விளக்கியவருக்குத் தம் வாயிலிருந்ததை எடுக்க முடியவில்லை. 1923-ல் வாயில் புற்றுநோய் கண்டது. மேல் தாடையில் ஒரு பகுதியை அறுத்தெடுத்துச் செயற்கைத் தாடை பொருத்தினார்கள். 30-க்கு மேற்பட்ட ஆபரேஷன்கள். 16 வருஷ வேதனை. மகள் அன்னா பக்கத்திலிருந்து பணிவிடை செய்தாள். சுருட்டும் பக்கத்திலேயே இருந்தது. 1939 செப்டம்பர் 23-ந் தேதி லண்டனில் காலமானார்.

அவருடைய மனைவி மார்த்தா ஆசாரமான யூதக் குடும்பத்துப் பெண். வெள்ளிக்கிழமை அந்தி வேளையில் வீட்டுப் பெண் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பது அவர்கள் வழக்கம். 1886-ல் கல்யாணம் ஆனதும் பிராய்டு அது கூடாது என்று சொல்லி விட்டார். சடங்குகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை. நாளைக்கு 20 தடவை நெருப்புப் பற்ற வைத்தவருக்கு, மனைவி வாரத்துக்கு ஒரு தடவை பற்ற வைப்பது பொறுக்கவில்லை! அவர் காலமான பிறகு, 53 வருஷம் கழித்து, அந்த அம்மாள் மறுபடியும் ஏற்றத் தொடங்கினாராம்.

இவரிடமா அபிமானம் என்கிறீர்களா? பொறுங்கள், இதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது.

1900-ல் ஒரு தகப்பனார் தம் 18 வயது மகளை அவரிடம் வைத்தியத்துக்கு அனுப்பினார். புத்தகத்தில் அவளுக்கு டோரா என்று பெயர். தகப்பனாரின் சிநேகிதர் ஒருவர் அவளிடம் தகாத முறையில் நடந்து கொண்டிருக்கிறார். அவள் சொன்னாள்; தகப்பனார் நம்பவில்லை. பிராய்டு நம்பினார். அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? அவளுக்கும் உள்ளூர அந்த மனிதர் மேல் ஆசைதான் என்று அவளிடமே சாதித்தார். கனவு கண்டு விழித்ததும் புகை நாற்றம் அடிக்கிறது என்று ஒரு நாள் அவள் சொன்னாள். தகப்பனார், அந்தச் சிநேகிதர், டாக்டர் மூவருமே புகைக்கிறவர்கள். மூச்சு முட்டித்தான் அந்தப் பெண் அப்படிச் சொன்னாளோ என்று எனக்குத் தோன்றுகிறது. டாக்டருக்கோ அதில் முத்தத்துக்கான ஏக்கம் தெரிந்தது! 11 வாரம் பொறுத்துப் பார்த்தாள். டிசம்பர் 31-ந் தேதி, இனிமேல் வரப் போவதில்லை என்று சொல்லி விட்டு எழுந்து போனாள். சபாஷ்!

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அவரே எழுதி 1905-ல் அச்சிட்டார். வைத்தியம் பாதியில் நின்றதையும், தாம் கவனிக்கத் தவறியதையும் சேர்த்தே எழுதினார். அவர் ஒப்புக் கொண்ட தவறு வேறு, நம் கண்ணில் படும் தவறு வேறு. ஆனால் டோராவின் கட்சியை நாம் பேசுவதற்கு வேண்டிய சாட்சியமும் அவர் கொடுத்ததுதான்.

அதற்கும் முந்தி, டாக்டர் பிராயருடன் சேர்ந்து 1895-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் எம்மி என்று ஓர் அம்மாள் வருகிறார். ஹிஸ்டீரியா என்று பெயர் வைத்துப் பெண்களுக்கு மின்சாரம் பாய்ச்சிக் கொண்டிருந்த காலம் அது. இது எங்கிருந்து வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று டாக்டர் துளைத்துத் துளைத்துக் கேட்கவே, அந்த அம்மாளுக்கு எரிச்சல் வந்து விட்டது. கேள்வியை நிறுத்தி விட்டு, தாம் சொல்ல வேண்டியதைச் சொல்ல விடும்படி கண்டிப்பாகச் சொல்லி விட்டார். டாக்டர் சரி என்று வாயை மூடிக் கொண்டு கேட்டார்.

என்னிடம் இரண்டு புத்தகமும் இருக்கின்றன. டோராவின் கதையில் பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். எம்மி டாக்டரை அதட்டும் இடத்தில் ஒரே ஒரு கோடு, கொஞ்சம் அழுத்தமாக.