சாலை வந்தது, சான்றிதழ் எங்கே?



சென்ற வாரம் நான்காம் ஆண்டு மாணவர்களை ‘எங்கள் ஊர்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: “எங்கள் ஊரில் பெரிய சடக்கு இருக்கிறது. லோரிகள் வேகமாகப் போகும். அப்பா வரும்வரை அம்மா வாசலிலேயே நிற்பார்.” எழுத்துப் பிழைகள் இரண்டு இருந்தன. திருத்தக் கை வரவில்லை.

நமது கீழ்ப்பேராக் வட்டாரத்தில் இன்று சாலைக்குப் பஞ்சமில்லை. 5-ஆம் எண் கூட்டரசுச் சாலை முன்பே உண்டு. பந்திங்கிலிருந்து தைப்பிங் வரை 233 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட மேற்குக் கரை நெடுஞ்சாலையும் 2019 முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டு வந்திருக்கிறது. நல்லதுதான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் லயத்தை விட்டுப் பட்டணத்து வீடுகளுக்குக் குடிபோன நம்மவர்கள், விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பெரட்டுக்கு வருவதும் இதே சாலைகளில்தான். நாட்டில் சாலை விபத்தில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை மறந்துவிடக்கூடாது.

எங்கள் தோட்டத்துச் சந்திப்புக்கு ஒரு விளக்குக் கம்பம் வேண்டும் என்று 2018 தேர்தல் நேரத்தில் கேட்டோம். “ஆகட்டும்” என்றார்கள். அந்த மே மாதம் பேராக்கில் ஆட்சி மாறியது. 2020 மார்ச்சில் மறுபடியும் மாறியது. அதே ஆண்டு டிசம்பரில் மந்திரி புசாரும் மாறினார். 2022 நவம்பர் 19-இல் மீண்டும் தேர்தல் நடந்து, புதிய கூட்டணி ஆட்சி அமைந்தது. இத்தனை மாறியும் மாறாமல் இருந்தது எங்கள் சந்திப்பின் இருட்டு மட்டும்தான்!

பிறகு விசாரித்தபோதுதான் எங்கள் தவறும் புரிந்தது. அது கூட்டரசுச் சாலை. நாங்களோ சட்டமன்ற வேட்பாளரிடம் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். அன்பர்களே, இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சாலைப் பலகையில் எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. ‘ஏ’ என்ற எழுத்தும் எண்ணும் இருந்தால் பேராக் மாநிலச் சாலை. தோட்டத்துக்குள் இருப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. சாலை எண்ணையும் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் எழுதி, கையெழுத்திட்டு, மாவட்டப் பொதுப்பணி இலாகாவுக்கு மனு அனுப்புங்கள். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து ஓட்டுக் கேட்டு வருபவரிடம் காட்டுங்கள். யார் எந்தக் கட்சி என்பது எனக்குக் கவலையில்லை.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், என் மாணவி ஒருத்தியின் தந்தை வேலைக்குப் போகும் வழியில் அதே சந்திப்பில் இறந்துபோனார். காரியம் முடிந்த மறுநாள் அவள் தாய் ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “டீச்சர், இதுல எது வேணுமோ எடுத்துப் பாருங்க” என்றார். சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கல்யாணப் படம் எல்லாம் இருந்தன. திருமணப் பதிவுச் சான்றிதழ் மட்டும் இல்லை. “கோயில்ல தாலி கட்டினோமே டீச்சர், ஊரே சாட்சியாச்சே!” என்று அழுதார்.

வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நேர்வழியில் ஏற்படும் விபத்துக்கு, 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ காப்பு உண்டு. வழி மாறி வேறு காரியத்துக்குப் போனால் சிக்கல். தொழிலாளி மாண்டால் ஓய்வூதியத்தில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. அந்தக் குடும்பத்தில் பிள்ளைகளின் பங்கு வந்தது. தாயின் பங்கு நின்றுபோனது. சான்றிதழ் கேட்டவர்கள்மேல் குற்றமில்லை. 1982 மார்ச் 1 முதல் நம் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். இருவரும் உயிரோடு இருக்கும்போது பதியலாம். ஒருவர் போன பிறகு ஊரே சாட்சி சொன்னாலும் பதிய முடியாது.

இன்னொன்று. மோட்டார் சைக்கிளுக்குக் கட்டாயம் எடுக்கும் காப்புறுதி, நாம் மோதிய அடுத்தவருக்குத்தான். ஓட்டுபவருக்கு அதில் ஒன்றும் கிடையாது. பின்னால் உட்காரும் மனைவி மக்களைச் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் இல்லை. சாலை வரி புதுப்பிக்கும்போது, “பின்னால் இருப்பவருக்கு உண்டா? எனக்குத் தனி விபத்துக் காப்பு எடுக்கலாமா?” என்று முகவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் உங்கள் வீட்டு பிஸ்கட் டின்னை இறக்கித் திறந்து பாருங்கள். திருமணச் சான்றிதழ் இல்லையென்றால், அடுத்த விடுமுறை நாளை அதற்கென்று ஒதுக்கி, இருவரும் சேர்ந்து பதிவிலாகாவுக்குப் போய் விசாரியுங்கள். பாரம் நிரப்பத் தெரியவில்லையா? உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் கொண்டு வாருங்கள். அதற்கும்தானே நாங்கள் இருக்கிறோம்!

விளக்குக் கம்பம் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. வாசலில் நிற்கும் அந்தத் தாயின் கையில் ஒரு சான்றிதழ் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.