நெடுங்கரையும் கல்கத்தாவும்

கல்கியின் 'தியாக பூமி'யை நம்மவர் முடிவை முன்னதாகவே எழுதி வைத்துக்கொண்டுதான் படிக்கின்றனர். நகரம் நஞ்சு, கிராமம் அமுதம் என்பதே அம்முடிவு. கதையில் நஞ்சு ஊறும் இடம் கல்கத்தாவாக அமைந்துவிட்டதால், பாலிகஞ்சில் காலங்கழிக்கும் நமக்கு இதில் தனிச்சுவை வேறு. இருக்கும் ஊரைப் பழித்து, விட்டுவந்த ஊரை எண்ணிப் பெருமூச்சு விடலாம் அல்லவா?

1938-39ஆம் ஆண்டுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை இது. மேனாட்டு மோகம் தலைக்கேறிய ஸ்ரீதரனின் கல்கத்தா வாழ்வைக் கல்கி எள்ளி நகையாடுவது மெய்யே. அவனை நம்பி வந்த சாவித்திரி படும் பாடும் மெய்யே. ஆனால் அவள் எங்கிருந்து வந்தாள்? சிற்றன்னையின் கொடுமையைச் சுமந்துகொண்டு நெடுங்கரையிலிருந்து அல்லவா வந்தாள்! அதே நெடுங்கரையில்தான், புயலில் குடிசை இழந்த சேரி மக்களுக்கு அடைக்கலம் தந்த குற்றத்திற்காகச் சம்பு சாஸ்திரியை அக்கிரகாரம் ஒதுக்கி வைத்தது. ஊர் ஒதுக்கிய அப்பெரியவரை மதித்து ஏற்றுக்கொண்டது சென்னைப் பட்டணத்துச் சாவடிக்குப்பம். கல்கியின் நகைப்பு ஒரு திசையில் மட்டும் பாய்ந்ததென்று சொல்வோர் நூலைப் பாதியில் மூடியவர்களே.

அயலாரான வங்காளியரைப் பாருங்கள். டேக்சாந்த் தாக்கூர் என்ற புனைபெயரில் பியாரிசாந்த் மித்ரா எழுதி 1858இல் நூலான 'ஆலாலேர் கரேர் துலால்' செல்வர் வீட்டுப் பிள்ளையின் சீர்கேட்டை நகையாடுவது. அப்பிள்ளையின் வீடு கல்கத்தாவில் இல்லை, வைத்யபாடியில் இருக்கிறது. கேடு தொடங்கியது பெற்றோர் கொடுத்த செல்லத்தில்.

நாம் இவ்வூருக்கு வந்தது ஸ்ரீதரனைப் போல் களியாட்டத்திற்கு அன்று, குமாஸ்தா வேலைக்கு. சொந்த ஊரில் நிலமில்லாதவர் வந்தனர். நிலமிருந்தும் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க இயலாதவரும் வந்தனர். பின்னவரைப் பற்றி நம் விழா மேடைகளில் எவரும் பேசுவதில்லை. கிராமத்தின் எளிமை என்று நாம் உருகும்போது, அந்த எளிமை யாருடைய முதுகின்மேல் நின்றது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

லேக் மார்க்கெட்டில் வாழையிலை வாங்கித் தமிழ்ப்புத்தாண்டு கொண்டாடும் நம் பிள்ளைகள் நெடுங்கரையைக் கண்டதில்லை. அவர்கள் இந்நாவலைப் படிக்கட்டும். புயலுக்கு ஒதுங்கியோருக்கு இடம் கொடுத்த மனிதரை ஊர் ஏன் தள்ளிவைத்தது என்று அவர்கள் நம்மைக் கேட்டால், என்ன சொல்லப் போகிறோம்?