பிள்ளைகளின் பின்னேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

யாழ்ப்பாணத்தில் தரம் 5 படிக்கிற ஒரு பிள்ளையின் நாளைக் கணக்குப் பார்ப்போம். காலை 7.30க்குப் பள்ளிக்கூடம். 1.30க்கு விட்டால் வீட்டுக்கு ஓடிவந்து, உடுப்பு மாத்தி, சாப்பிட்டது பாதி சாப்பிடாதது பாதியாக 2.30க்கு ரியூசன். அது முடிய இன்னொரு ரியூசன். இருட்டுப்படுகிற நேரம் வீடு. பிறகு பள்ளிக்கூட வீட்டுவேலை, ரியூசன் வீட்டுவேலை. பத்து வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலே வேலை. பெரிய ஆக்களுக்கு எட்டு மணித்தியாலம் போதும் என்று மே தினத்தில் ஊர்வலம் போகிற நாடு இது.

பிள்ளைகள் நாளுக்கு 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. எங்கள் ஊரிலோ விளையாடுகிற பிள்ளையைக் கண்டால் வருகிற முதல் கேள்வி, "உனக்கு இண்டைக்கு வகுப்பில்லையோ?"

பெற்றோரை மட்டும் திட்டிவிட்டுப் போக எங்களுக்கு விருப்பமில்லை. இடம்பெயர்ந்த சனத்துக்குக் காணி போனது, வீடு போனது. தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதாக மிஞ்சினது படிப்பு ஒன்றுதான். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் அந்தப் பயத்தில் கடை போட்டவர்களைப் பற்றிப் பேச வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சை, வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு உதவிப்பணமும் நல்ல பள்ளிக்கூடமும் கிடைப்பதற்காக வந்தது. இன்றைக்கு அதில் வெட்டுப்புள்ளி தாண்டுவதற்கே மாதாமாதம் காசு கட்ட வேண்டியிருக்கிறது. பெறுபேறு வந்தால் சந்திக்குச் சந்தி பனர், பிள்ளைகளின் படம், பக்கத்தில் புள்ளி. பனரில் இல்லாத பிள்ளையும் அதே சந்தியால்தான் பள்ளிக்கூடம் போகிறது.

வகுப்பறைக்குள்ளேயே "உது ரியூசன்ல படிச்சிருப்பியள் தானே" என்று பாடத்தைத் தாண்டிப் போகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். கூலிவேலை செய்கிறவரின் பிள்ளை ரியூசனில் படித்திருக்காது. கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வி அந்த ஒரு வசனத்தோடு முடிந்துவிடுகிறது.

"அப்ப ரியூசனைத் தடை செய்தால் சரிதானே?" என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளை நிப்பாட்டச் சொல்லி வடக்கில் எத்தனையோ தடவை பேச்சு வந்தது. தடை மட்டும் போதாது, ஏனென்றால் ரியூசன் வேறு இரண்டு வேலைகளையும் செய்கிறது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற அம்மாவுக்கு, தான் வரும்வரை பிள்ளை பத்திரமாக இருக்கிற இடம் அது. பெரிசான பொம்பிளைப் பிள்ளைக்கு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சினேகிதிகளோடு கதைக்கக் கிடைக்கிற ஒரேயொரு அனுமதி அது. ரியூசனைப் பூட்டினால் பெடியன் கிறவுண்டுக்குப் போவான். பெட்டை குசினிக்குப் போவாள். அதுக்குப் பேர் ஆரோக்கியமான பின்னேரம் இல்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. தரம் 5 வரை பின்னேரம் 4 மணிக்குப் பிறகு எந்த வகுப்பும் வேண்டாம். பள்ளிக்கூடப் பாடம் பள்ளிக்கூடத்திலேயே முடியட்டும். ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது. பல இடங்களில் காலையில் பேப்பர் பார்க்க மட்டும் திறக்கிறார்கள். அதை 2 மணியிலிருந்து 6 மணிவரை பிள்ளைகளுக்குத் திறவுங்கள். பார்த்துக்கொள்ள ஊரிலேயே ஒரு ஆளைச் சம்பளத்துக்குப் போடுங்கள். பிரதேச சபைகள் வருடாந்தப் பாதீட்டில் இதுக்குக் காசு ஒதுக்க வேண்டும். கிறவுண்டில் கிழமைக்கு மூன்று நாளாவது பொம்பிளைப் பிள்ளைகளுக்கு என்று நேரம் குறியுங்கள். வீட்டில், இரவுச் சாப்பாட்டை எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். ஃபோன் தள்ளியிருக்கட்டும். அந்த அரை மணித்தியாலமாவது புள்ளி எத்தனை என்று ஒருவரும் கேட்க வேண்டாம். ஒன்பது மணிக்குப் பிள்ளை படுக்கட்டும். அந்த வயதுக்கு ஆகக் குறைந்தது 9 மணித்தியால நித்திரை வேண்டும்.

கடைசியாக, எங்களைப் போன்ற கம்பஸ் ஆக்களுக்கு ஒரு கதை. எங்களில் பலர் ரியூசன் படிப்பித்துத்தான் போடிங் வாடகை கட்டுகிறோம். அதனால் இந்தச் சந்தையில் எங்களுக்கும் ஒரு சொல்லு இருக்கிறது. சின்ன வகுப்புகளை நாலு மணிக்கு முதல் முடிக்கச் சொல்லி ரியூட்டரிக்காரரிடம் ஒன்றாகப் போய்க் கேட்போம். தனியாகக் கேட்டால் வேறு ஆளைப் போடுவார்கள். இருபது பேர் சேர்ந்து கேட்டால் யோசிப்பார்கள். வாசிக்கிற உங்களுக்கும் வீட்டில் ஒரு தம்பியோ தங்கச்சியோ இருப்பார்கள். இந்தக் கிழமை ஒரு பின்னேரமாவது அவர்களைக் கிறவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா ஏசினால் நீங்கள் பதில் சொல்லுங்கள்.