வாடகை வாங்குகிறவர் யார்?

போன வாரம் பிரான்சிலிருந்து என் அக்காள் மகன் போனில் பேசினான். பாரிசை அடுத்த ஊரில் பழைய வாடகை வீட்டைக் காலி செய்தானாம். கட்டியிருந்த ஒரு மாத முன்பணம் முழுதாகத் திரும்பி வந்துவிட்டது என்றான். "வீட்டுக்காரர் நல்ல மனுஷன் போல" என்றேன். "அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை மாமா. எல்லாம் ஏஜென்சிதான்" என்றான். எனக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது.

எண்பதுகளில் புதுச்சேரியில் நாங்கள் குடியிருந்த வீடு ஒரு சொல்தாவுடையது. 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கே போனவர்கள், இங்குள்ள வீட்டை உறவுக்காரரிடமோ தெரிந்தவரிடமோ ஒப்படைத்துவிட்டுப் போவது எங்கள் ஊரில் சாதாரணம். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் இருந்தார். மாதம் ஐந்தாம் தேதி வாசலில் வந்து நிற்பார். ரசீது கேட்டால், "நமக்குள்ள என்ன சார் ரசீது?" என்பார்.

ஓர் ஆகஸ்ட் மாதம் வீட்டுக்காரரே வந்து இறங்கினார். பதினொரு மாத வாடகை தமக்கு வரவேயில்லை என்றார். கொடுத்ததற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. குண்டூசி வாங்கினாலும் ரசீது இல்லாமல் பில்லை மேலே அனுப்பாத குமாஸ்தா நான்! அட்வான்ஸ் கழிந்தது போக மீதிக்கு மனைவியின் வளையல் அடகுக்கடைக்குப் போனது. வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் என்னைப்போல ஏமாந்தவர்தான்.

பிரான்சில் இந்த வேலையை நினைத்தவரெல்லாம் செய்ய முடியாது. 1970 ஜனவரி 2-ஆம் தேதியிட்ட ஒகே சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அடுத்தவர் வீட்டைத் தொழிலாக நிர்வகித்து வாடகை வசூலிப்பவர் அரசு வகுத்த தொழில் அட்டை வைத்திருக்க வேண்டும். முன்பு பிரெஃபெக்தூரில் கொடுத்தார்கள். 2015 முதல் வர்த்தக சபை கொடுக்கிறது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிப்போ அனுபவமோ காட்ட வேண்டும், குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. வீட்டுக்காரர் எழுத்தில் அதிகாரம் தந்திருக்க வேண்டும். இவற்றிலெல்லாம் எனக்குப் பெரிதாகப் படுவது நிதி உத்தரவாதம். பிறர் பணத்தைக் கையாளுகிற ஏஜென்சி அதைச் சுருட்டிக்கொண்டால், ஈடுகட்ட ஒரு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ முன்கூட்டியே பொறுப்பேற்றிருக்க வேண்டும். அட்டை உண்மையானதா என்று குடியிருப்பவரே வர்த்தக சபையின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில்? 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் புதிய மனை, அடுக்குமாடி விற்கும் ஏஜென்டைப் பதிவு செய்யச் சொல்கிறது. வாடகைக்கு விடுகிறவரை அது தொடவில்லை. பக்கத்துத் தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் சொத்து மேலாளர் என்று ஒருவரைக் குறிப்பிட்டு அவர் கடமைகளையும் சொல்கிறது. ஆனால் அந்த வேலைக்கு வரத் தேர்வும் இல்லை, உரிமமும் இல்லை, உத்தரவாதத் தொகையும் இல்லை. இந்தக் காலத்தில் முடிவெட்டும் கடைக்கே லைசென்ஸ் கேட்கிறார்கள்.

சட்டம் வருகிறபோது வரட்டும். அதுவரை குடியிருப்பவர் கேட்க வேண்டியது வீட்டுக்காரரின் கையெழுத்தோடு, "இன்னார் என் சார்பில் வாடகை வாங்கலாம்" என்ற கடிதம். பவர் பத்திரம் இருந்தால் அதன் நகல். முடிந்தால் வாடகையை நேரே வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். குடிபோகும் அன்றே சுவர், குழாய், சுவிட்சு எல்லாவற்றையும் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். என் அக்காள் மகனுக்கு முன்பணம் முழுதாக வந்ததற்குக் காரணம், நுழையும்போது இரு தரப்பும் கையெழுத்திட்ட வீட்டு நிலைப் பட்டியல்தான்.

வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடகைதாரரின் போன் நம்பரை நீங்களே வாங்கி வையுங்கள்.

எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொன்னேன். "கடிதம் கேட்டால் வீடே கொடுக்க மாட்டாங்க அங்கிள்" என்றார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். கடையில் ஒரு வாடகை ரசீதுப் புத்தகம் வாங்கி அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். வசூலுக்கு வருகிறவர் கையெழுத்தாவது போடட்டும்.