படிக்கும் பிள்ளைக்கு ஒரு தொண்டு

ஆடி பிறந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் வேப்பிலைத் தோரணமும் கூழ்வார்த்தலும் அம்மன் பாடல்களுமாகக் களைகட்டும். பள்ளிகளில் பாடங்கள் விரைந்து நடக்கும் காலமும் அதுவே.

அந்நாளில் ஏதோ ஒரு வீட்டில், புத்தகத்தைத் திறந்து வைத்தபடி வெளியே ஒலிக்கும் பாட்டுக்குத் தாளம் போடும் பிள்ளையைப் பெற்றோர் கடிந்துகொள்வர். பெரும்பாலான குழந்தைகளின் மனம் வேண்டிய ஒலியை ஏற்று மற்றதை ஒதுக்கிவிடும். கவனக்குறைபாடுள்ள குழந்தைக்கோ அது எளிதில் கைகூடுவதில்லை. ஆசிரியரின் குரலும் அடுத்த அறைத் தொலைக்காட்சியும் தெருவின் ஒலிபெருக்கியும் அவனை ஒருசேர இழுக்கும். இது சோம்பலன்று, பிடிவாதமும் அன்று.

இரைச்சல் கல்வியைக் கெடுக்கும் என்பதற்குச் சான்று உண்டு. நியூயார்க்கில் உயர்மட்ட ரயில்பாதையை ஒட்டிய ஒரு பள்ளியை உளவியலாளர் ஆர்லைன் பிரான்சாஃப்ட் ஆராய்ந்தார். பாதைப் பக்கத்து வகுப்பினர் மறுபக்கத்தினரைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தனர் என 1975-இல் வெளியான அவ்வாய்வு காட்டியது. தண்டவாளத்திலும் வகுப்பறைகளிலும் ஒலி தணிக்கும் ஏற்பாடுகள் செய்தபின் அவ்வேறுபாடு மறைந்ததை 1981-இல் அவர் பதிவு செய்தார். பொதுவாக எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்நிலையெனில், கவனம் எளிதில் சிதறும் பிள்ளையின் பாட்டை எண்ணிப் பார்க்கலாம்.

எனினும் எல்லா ஒலியும் ஒன்றல்ல. ஏற்ற இறக்கமற்ற சீரான இரைச்சலில் கவனக்குறைபாடுள்ள குழந்தைகளின் நினைவாற்றல் கூடியதையும், மற்றக் குழந்தைகளுக்கு அது குறைந்ததையும் 2007-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டனர். ஆகவே, மின்விசிறியின் ஓசை சில பிள்ளைகளுக்குத் தடையாகாமல் இருக்கலாம். சொற்கள் நிறைந்த பாட்டும் பேச்சுமே படிப்போடு போட்டியிடுவன. எது தன் பிள்ளைக்கு ஒத்துவருகிறது என்பதைப் பெற்றோர் சில நாள் கவனித்து அறிதல் நலம். ஐயமிருப்பின் குழந்தை மருத்துவரை நாடுக.

நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள், அரசு தளர்வு அளிக்கும் சில விழா நாள்கள் நீங்கலாக, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பள்ளிகளைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கவும் அவை இடமளிக்கின்றன. மாலை 6 முதல் 9 வரை, பிள்ளைகள் பாடம் படிக்கும் வேளையைக் காப்பது நம் கையில்தான் உள்ளது.

பூந்தமல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சிப் பேரருளாளனுக்குச் செய்தது விசிறி வீசும் தொண்டு. ஆரவாரமற்ற அத்தொண்டில் மகிழ்ந்து பெருமாள் அவரோடு பேசினார் என்பது வைணவ மரபு. இவ்வாண்டு ஆடித் திருவிழாவில் ஒலிபெருக்கிகளைக் கோயில் வளாகத்தை நோக்கித் திருப்பி, ஒலியைத் தாழ்த்தி வைக்குமாறு விழாக் குழுவினரிடம் அன்பர்கள் எடுத்துரைக்கலாம். வீட்டிலும் படிப்பு நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்தி வைப்போம்.