ஊரடங்கு வைத்த கடன்

2020 ஆகஸ்ட் 15 அன்று நாடு 74-ஆவது விடுதலை நாளைக் கொண்டாடியது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கொத்தளத்தில் மாணவர் கலைநிகழ்ச்சியும் மக்கள் திரளும் இன்றி மூவண்ணக் கொடி ஏறியது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடிவந்த மின்சார ரயில் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் நின்றது. விடுதலை நாள் வரையிலும் பொதுமக்களுக்கு அது திறக்கவில்லை. மாநகரப் பேருந்தும் ஓடவில்லை.

கொரோனா ஊரடங்கு வேண்டியதுதானா என்ற வாதத்தை நாம் எழுப்பப் போவதில்லை. தடுப்பூசி இல்லாதிருந்த தொற்றின் முன் வேறு வழிகள் குறைவாகவே இருந்தன. ஆனால் அதனால் விளைந்த பாதுகாப்பு எல்லார்க்கும் பொதுவாயிருக்க, விலையை மட்டும் சிலரே கொடுத்திருக்கிறார்கள். அடையாற்றங்கரையிலிருந்தும் கூவக்கரையிலிருந்தும் பெயர்க்கப்பட்டுப் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். வீடு புறநகரில், வேலை நகரத்துக்குள். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்குப் பேருந்து நின்ற அன்றே பிழைப்பும் நின்றது. நடந்தே போனாலும் குடியிருப்பு வளாகங்களின் வாயில் அவருக்கு அடைபட்டிருந்தது. ஜூன் 19 முதல் சென்னையும் அண்டை மாவட்டப் பகுதிகளும் மீண்டும் முழுதாக முடக்கப்பட்டபோது, அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு மாநில அரசு ஆயிரம் ரூபாய் வழங்கியது. வழங்கியது நன்று. கொத்தனாரோ சித்தாளோ பெறும் ஓரிரு நாள் கூலிக்கு அது ஈடாகும். முடக்கமோ பல நாள் நீடித்தது.

ஏதோ கொஞ்சம் கொடுப்பது அந்நிய ஆட்சியும் செய்ததுதான். 1876-78 பெரும் பஞ்சத்தில் இந்திய அரசின் பேராளராகச் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் மண் சுமப்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று கணக்கிட்டார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், அந்த அளவு உடலைத் தாங்காது என்று விடாமல் வாதாடினார். அவரும் அதே ஆட்சியின் ஊழியர்தாம் என்பதை மறக்கலாகாது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்பஞ்சத்து நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே.

ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். குடும்ப அட்டை இல்லாத புலம்பெயர் தொழிலாளருக்குக் 2020 மே 14 அன்று மத்திய அரசு அறிவித்த தானியம் தலைக்கு மாதம் 5 கிலோ. அதுவும் இரண்டு மாதங்களுக்கு. நாள் கணக்கில் அது 170 கிராமை எட்டாது. முன்னது கடும் உழைப்புக்குத் தந்த கூலி, பின்னது உழைப்பைக் கேளாத உதவி; இரண்டையும் சமமாக நிறுத்துதல் நேர்மையாகாது. எனினும் இரண்டு கணக்கையும் எழுதிய கை ஒரே கேள்வியைத்தான் கேட்டது: ஏழை உயிரோடிருக்க எவ்வளவு குறைத்துக் கொடுத்தால் போதும்? அடிமை நாட்டின் கருவூலம் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. தன்னைத் தானே ஆளும் நாடு அப்படிக் கேட்கலாகாது.

கொரோனாவை எதிர்க்க நாம் கையிலெடுத்த சட்டமும் பம்பாய்ப் பிளேக்கின்போது 1897-இல் இயற்றப்பட்டதே. ஆணையிடும் அதிகாரத்தை அது அரசுக்குத் தருகிறது. அடைபட்டவனுக்கு உணவளிக்கும் பொறுப்பை எவர்மீதும் வைக்கவில்லை.

அப்பொறுப்பைக் குடிமக்கள் தாமே மேற்கொண்டனர் என்பது 2020-இன் பெருமை. பொட்டலச் சோறும் மளிகைப் பையும் ஏந்தி இளைஞர்கள் தெருத்தெருவாகச் சென்றனர். அவர்கள் நேரடியாக வழங்குவது ஊரடங்கை மீறிய செயல் என ஏப்ரல் 12 அன்று மாநில அரசு அறிவித்தது; உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே, அதிகாரிகளுக்கு முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வழங்கலாம் என்றாயிற்று. கூட்டம் சேரும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் பசித்தவனுக்குச் சோறிடும் உரிமைக்காக வழக்காட நேர்ந்தது, வடலூரில் 1867-இல் பசித்தோர்க்கென அணையா அடுப்பு மூட்டப்பட்ட நாட்டுக்கு அழகன்று.

சோறிட்டவர்களைப் புகழ்வதோடு அந்த விடுதலை நாளை முடித்துக்கொள்வது எளிதாயிருந்தது. சோறு ஈகை, கூலியும் வாடகையும் அப்படியல்ல, அவை கணக்கு. கூலியைப் பிடித்தம் செய்யக்கூடாது, தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கக்கூடாது என்று மார்ச் 29 அன்று மத்திய உள்துறை ஆணையிட்டது. மே 18-இல் அவ்வாணை உயிர் நீத்தது. அதன் பின் எல்லாம் அவரவர் மனச்சான்றுக்கு விடப்பட்டது. அவ்வாணை இருந்தபோதே, மே மாதத் தொடக்கத்தில் பல்லாவரத்திலும் வேளச்சேரியிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்கு அனுப்புங்கள் என்று வீதியில் நின்றது, மனச்சான்றை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைக் காட்டியிருக்க வேண்டும்.

ஆணைக்குக் காத்திராமல் கடமையைச் செய்ததில் தாம்பரத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. காசநோயாளரை ஊர் ஒதுக்கிய காலத்தில், 1928-இல், மருத்துவர் சௌரி முத்து பச்சைமலை அடிவாரத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல்தான் அரசு அதை ஏற்றது. அப்போதும் நாடு விடுதலை அடைய இன்னும் பத்தாண்டு இருந்தது; யாருடைய ஆணைக்கும் அவர் காத்திருக்கவில்லை.

2020-இல் கேட்கப்பட்டது அவ்வளவு பெரிய செயலன்று. மார்ச் முதல் வராத பணிப்பெண்ணுக்கு அம்மாதங்களின் சம்பளத்தைக் கொடுத்துவிடுவது. ஒரே அறையில் எட்டுப் பேரை வைத்து வாடகை வாங்கிய வீட்டுக்காரர், ஊரடங்குக் காலப் பாக்கியைத் தள்ளுபடி செய்வது. கட்டுமான ஒப்பந்ததாரர் நிலுவைக் கூலியைத் தீர்ப்பது. அரசுக்கு உரிய வேலை வேறு: மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் 1979-இலேயே இயற்றப்பட்டிருந்தது; அதன்படி பதிவேடு ஒழுங்காக இருந்திருந்தால், யாருக்கு அரிசி தருவது என்று மே மாதத்தில் தேட வேண்டியிருந்திராது. ரயில் ஓடத் தொடங்கியதும் அத்தொழிலாளர்கள் மீண்டும் வந்து தாம்பரத்தில் இறங்குவார்கள் என்பது தெரிந்ததே. அதற்குள் அந்தப் பதிவேடும், இங்கேயே அரிசி வாங்க ஓர் அட்டையும் ஆயத்தமாக இருக்க வேண்டியிருந்தது.