தலையில் அடிபட்டால் வல்லாரை போதுமா?

சைக்கிளிலிருந்து விழுந்து தலையை அடித்துக்கொண்ட மகன், "ஒன்றுமில்லை உம்மா" என்று எழுந்து வருகிறான். மறுநாள் படித்தது மனதில் நிற்பதில்லை. சத்தமும் வெளிச்சமும் பிடிப்பதில்லை. மூளை குலுங்கியதன் விளைவு இது. உடனே வீட்டுப் பெரியவர்கள் சொல்வது, "வல்லாரை அரைத்துக் கொடு." இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது சகோதரிகளே?

வல்லாரையிலுள்ள ஏசியாட்டிக் அமிலமும், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினும் ஆய்வுகூடங்களில் நன்கு ஆராயப்பட்டவை. 2006இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், குர்குமின் கலந்த உணவை உண்ட எலிகளுக்கு மூளையில் சிறு காயம் ஏற்பட்ட பின்னும் கற்கும் திறன் பெரிதும் குன்றவில்லை. ஆனால் கவனியுங்கள்: அவை அடிபடுமுன்பே நான்கு வாரங்கள் அதை உண்டவை.

நம் சமையல் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்களவுதான். அதுவும் உடம்பில் எளிதில் சேராது. மிளகிலுள்ள பைப்பரின் கூடினால் அதிகம் சேரும் என்று 1998இல் பெங்களூரில் கண்டார்கள். எனினும், தலையில் அடிபட்ட மனிதரின் ஞாபகசக்தியைக் காப்பதாக நிரூபிக்கப்பட்ட மூலிகை எதுவும் இதுவரை இல்லை.

ஆகவே வல்லாரைச் சம்பலும் மஞ்சள் போட்ட கறியும் உணவாக இருக்கட்டும். கடையில் விற்கும் மூலிகை மாத்திரைகள் வேறு. குர்குமின், ஜிங்கோ மாத்திரைகள் இரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடும். தலைக்குள் இரத்தக் கசிவு இருந்தால் அது ஆபத்து. அஸ்பிரினும் அப்படியே. வல்லாரை மாத்திரையால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

முதல் இரண்டு நாள் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பியும் தெளியாத மயக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் சோர்வு, காது மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

இவை இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. ஓரிரு நாள் ஓய்வு, நல்ல தூக்கம், பிறகு சிறிது சிறிதாகப் படிப்பு. முழுமையாகக் குணமாகி, வைத்தியர் அனுமதிக்கும் வரை பந்தாட்டம் வேண்டாம். அதற்குள் இன்னோர் அடி விழுந்தால் பாதிப்பு அதிகம். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுவர். அதுவரை "மறந்துவிட்டாயா?" என்று கடிந்துகொள்ளாதீர்கள், பாடசாலை ஆசிரியரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.